'சீரியல் ஃபேஸ்' என்று எழுதி வைப்பவர்களுக்கு

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், நடிகர் நடிகையரைத் தேர்வு செய்து தரும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் சின்னத்திரையில் இணை இயக்குநர். பதினேழு வருடமாக மெகா சீரியல்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. டைட்டில் கார்டில் என் பெயர் வரும். அது ஓடுகிற வேகத்தில் என் அம்மாவே இதுவரை ஒரு தடவைகூட முழுதாகப் படித்ததில்லை. அதனால் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பரவாயில்லை, நான் பேச வந்தது வேறொருவரைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஒரு சினிமா கம்பெனி அலுவலகத்தில் நண்பருக்காகக் காத்திருந்தேன். அவர் அங்கே ஒரு படத்துக்கு நடிகர் தேர்வு பார்க்கிறார். மேஜை மேல் லேப்டாப் திறந்தே கிடந்தது. ஆடிஷன் பட்டியல். பெயர், வயது, உயரம், பேசத் தெரிந்த மொழிகள், கடைசியாக 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம். அடுத்தவர் லேப்டாப்பை எட்டிப் பார்ப்பது தப்புதான். பார்த்துவிட்டேன். ஏழாவது வரியில் எனக்குத் தெரிந்த பெயர் இருந்தது. நான் வேலை செய்த சீரியலில் மூன்று வருடத்துக்கு மேல் நாயகியாக நடித்த பெண். ரிமார்க்ஸ் கட்டத்தில் இப்படி இருந்தது: 'நல்லா பண்றாங்க. சீரியல் ஃபேஸ்.' அதற்குக் கீழே, எட்டாவது பெயருக்கு நேராக: 'புதுசு. நடிப்பு வரல. ட்ரெயின் பண்ணிக்கலாம்.'

எட்டாவது பெண் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு அந்தப் படம் கிடைத்திருந்தால் சந்தோஷம்தான். ஆனால் வராத நடிப்பைச் சொல்லிக்கொடுத்து வரவைத்துவிடலாம், வந்த நடிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

நண்பர் வந்ததும் அவரிடமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "தினம் வீட்ல ஓசியில பாக்குற முகத்த, காசு குடுத்து தியேட்டர்ல யார் சார் வந்து பாப்பாங்க?" என்றார். நீங்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் உதைக்கிறது.

சிவகார்த்திகேயனை வாரம் தவறாமல் வீட்டில் ஓசியில்தான் பார்த்தோம். முதலில் போட்டியாளராக, அப்புறம் தொகுப்பாளராக. 2012-ல் சினிமாவுக்கு வந்தார். அவர் முகம் பழகியிருந்ததுதான் அவருக்குப் பலம் என்று நீங்களே மேடையில் பேசினீர்கள். சந்தானம் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். விஜய் சேதுபதி சீரியலில் தலைகாட்டியிருக்கிறார். மாதவன் 2000-ல் மணிரத்னம் படத்தில் அறிமுகமாகும் முன் இந்தித் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துக்கொண்டிருந்தார். இவர்களில் யாருக்காவது ரிமார்க்ஸ் கட்டத்தில் 'சீரியல் ஃபேஸ்' என்று எழுதினீர்களா?

இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 'சரவணன் மீனாட்சி'யின் இரண்டாம் பாகத்தில் கவின் நாயகன், மூன்றாம் பாகத்தில் ரியோ ராஜ். நாயகி இரண்டு பாகத்துக்கும் ஒருவரே. நாயகர்கள் இருவரும் இன்று சினிமாவில் கதாநாயகர்கள். நாயகியும் சில படங்களில் நடித்தார். ஆனால் அவரை நம்பி எத்தனை கதை எழுதப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள். அதே சேனல், அதே வீடு, அதே ஓசி. ஆணின் முகம் பழகினால் அது ரசிகர் பட்டாளம். பெண்ணின் முகம் பழகினால் மட்டும் எப்படி அது சலிப்பாகிறது?

பெண்கள் யாருமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறார்கள். பிரியா பவானி சங்கர் செய்தி வாசித்து, சீரியலில் நடித்து, 2017-ல் சினிமாவுக்கு வந்தார். வாணி போஜன் ஐந்து வருடம் ஓடிய ஒரு தொடரை முடித்துவிட்டு வந்தார். இந்த இரண்டு பெயரையும் எந்த ஆடிஷனுக்குப் போனாலும் சொல்கிறார்கள், "பாருங்க, அவங்க வரலையா?" என்று. இத்தனை வருடத்தில், இத்தனை சேனலில், இத்தனை தொடரில், திரும்பத் திரும்ப இதே இரண்டு பெயர்தான் வாயில் வருகிறது என்பதை நீங்கள் கவனித்தீர்களா?

சீரியலே தீட்டு என்றால்கூட ஒப்புக்கொள்வேன். அதுவும் இல்லை. ரம்யா கிருஷ்ணன் 2015-ல் 'பாகுபலி'யில் சிவகாமியாக வந்து நின்றபோது, அதே காலத்தில் சன் டிவியில் அவர் நடித்த 'வம்சம்' சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின இரவு வீட்டில் பார்த்த முகத்தைத்தான் மறுநாள் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டிப் பார்த்தார்கள். ராதிகா 1999-ல் 'சித்தி' எடுத்தார். தேவயானி 2003-லிருந்து 2009 வரை 'கோலங்கள்' நடித்தார், 1500 எபிசோடுக்கு மேல். கே. பாலசந்தரே சினிமாவில் எல்லாம் பார்த்த பிறகு தொலைக்காட்சிக்கு வந்து தொடர்கள் எடுத்தவர். அங்கிருந்து இங்கே வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. இங்கிருந்து அங்கே போவதற்கு மட்டும் சுங்கச்சாவடி, அதுவும் பெண்களுக்கு மட்டும்.

வேற்றுமொழிக்காரர் என்றால் அந்தச் சுங்கமும் இல்லை. மிருணாள் தாக்கூர் இந்தி மெகா சீரியலில் தங்கை வேடத்தில் நடித்தவர். அந்தத் தொடர் தமிழில் டப் ஆகி இங்கேயும் ஓடியது. 2022-ல் 'சீதா ராமம்' வந்தபோது "என்ன ஒரு ஃப்ரெஷ்ஷான முகம்!" என்று நம் ஆட்கள் பேசியதை என் காதால் கேட்டேன். வித்யா பாலனும் 1995-ல் இந்தி சீரியலில் தொடங்கியவர்தான். தமிழில் ஒப்பந்தம் செய்துவிட்டு அவரை நீக்கிய கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே காரணம் சீரியல் இல்லை, தோற்றம். நம் துறையில் காரணங்களுக்கு எப்போதும் பஞ்சம் வந்ததில்லை.

பழைய ஆட்களுக்கு இந்தப் பயமே இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீதேவி 1976-ல் பதின்மூன்று வயதில் ரஜினிகாந்துக்குச் சித்தியாக நடித்தார். அடுத்த வருடமே பாரதிராஜா படத்தில் மயில். "போன வருஷம் சித்தியா பாத்த முகமாச்சே" என்று யாராவது அன்றைக்கு ரிமார்க்ஸ் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதற்கும் முந்தைய தலைமுறையில் பாதிப் பேர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மனோரமாவை யாரும் 'டிராமா ஃபேஸ்' என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை.

சரி, உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

சீரியலில் நடித்த பெண்ணுக்கு உடம்பில் சில பழக்கங்கள் ஊறிவிடும். வசனம் முடிந்த பிறகும் முகத்தை அப்படியே பிடித்து வைப்பார். திரும்பச் சொன்னால் கழுத்து முதலில் திரும்பும், கண் அப்புறம் வரும். 'அப்படியா' என்பதற்குக்கூட மூச்சை உள்ளே இழுப்பார். சினிமா கேமராவுக்கு இது அதிகம், எனக்குத் தெரியும். ஆனால் இதை அவர்களுக்குப் பழக்கியது யார்? "ஹோல்ட் பண்ணும்மா, ஹோல்ட் பண்ணு, மியூசிக் வரும்" என்று மானிட்டருக்குப் பின்னாலிருந்து கத்துகிறவன் நான்தான். எடிட்டர் அந்த ஒரு ரியாக்ஷனை மூன்று தடவை போடுவார், அதற்கு நாலு செகண்டு தேவை. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆறு பேருக்கும் தனித்தனி ரியாக்ஷன் எடுத்தால்தான் அன்றைய எபிசோடு நிரம்பும். அந்தப் பெண் தப்பாக நடிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார். நீங்கள் வேறொன்று கேட்டால் அதையும் கொடுப்பார். கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டதைக் கொடுப்பது என்றால் என்னவென்று ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

வளசரவாக்கம் பக்கம் ஒரு ஷூட்டிங் பங்களா. ஏழு மணிக்கு மேக்கப், ஒன்பதுக்கு முதல் ஷாட். வசனம் வாட்ஸ்அப்பில் வரும். அன்றைக்கு லைட்டிங் முடிந்தும் வரவில்லை. வந்தபோது பதினோரு பக்கம். காலையில் மாமனார் சாவு. மதியம் அதே ஹாலில் நாற்காலிகளை நகர்த்திப் போட்டு வளைகாப்பு. அதற்கு நடுவில் போன வாரம் விட்டுப்போன சண்டைக் காட்சியில் இவர் பக்கத்து க்ளோசப்புகள் மட்டும். எதிரில் பேச வேண்டிய நடிகருக்கு அன்று கால்ஷீட் இல்லை. ஆகவே கணவனின் வசனத்தை நான்தான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பேப்பரைப் பார்த்து ஒப்பித்தேன். வழுக்கைத் தலையும் கையில் பேடுமாக நிற்கிற என்னைப் பார்த்து அந்தப் பெண் அழ வேண்டும். அழுதார். கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லைட்மேன் ஒருவர் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. அவருக்குச் சளியாகவும் இருந்திருக்கலாம்.

வளைகாப்புக் காட்சிக்கு உடை மாற்றப் போகும்போது என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்த சீன்ல நான் எத்தனை மாசம்?" ஏழு என்றேன். "காலைல எடுத்தது?" அது அஞ்சு. "அந்தச் சண்டை?" அப்போ கர்ப்பமே இல்லம்மா. தலையாட்டிவிட்டுப் போய், ஏழு மாதத் தலையணையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்தபடி ஹாலுக்குள் வந்தார். அந்த நடையை யாரும் சொல்லித்தரவில்லை. காலையில் ஐந்து மாதத்துக்கு வேறு நடை நடந்திருந்தார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தொரு வயது. புடவையும் நகையும் பாதிக்கு மேல் அவர் சொந்தக் காசில் வாங்கியது, வாடகைக்கு எடுத்தது. எந்தக் காட்சிக்கு எந்தப் புடவை, எந்தத் தோடு என்பதை எங்கள் கண்டினியூட்டி உதவியாளரைவிட அவர்தான் சரியாக வைத்திருந்தார், போனில் ஒரு தனி ஆல்பமாக.

ஒரு சின்னக் கணக்கு. விளம்பரம் போக ஒரு எபிசோடு இருபத்தொரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 எபிசோடு என்றால் 350 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்களாக மாற்றினால் 140 படம். எல்லாக் காட்சியிலும் நாயகி இருக்க மாட்டார், பாதியைத் தள்ளுங்கள், இன்னும் எழுபது படம் மிச்சம். அத்தனையையும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே செய்து முடித்தவரிடம் உங்கள் உதவி இயக்குநர் "கேமரா எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டாராம்.

இனி அந்த ஏழாவது வரியின் கதை. ஆடிஷன் பட்டியலுக்கு ஒரு வருடம் முன்பு, வேறொரு கம்பெனியில் அவருக்கு ஒரு படம் வந்தது. இரண்டாம் நாயகி. இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. "ஆனா சீரியல விட்டுட்டு வாங்க. ஆறு மாசம் டிவில தெரியாம இருங்க, முகம் கொஞ்சம் மறக்கட்டும்" என்றார்கள். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை, அட்வான்ஸும் இல்லை. வாய்வார்த்தைதான். என்னிடம் வந்து யோசனை கேட்டார். போம்மா என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான யோசனைகளில் அது ஒன்று.

சீரியலில் இருந்து விலகுவதும் லேசு இல்லை. ஒரு கதாபாத்திரத்தைக் கொல்லலாம், கோமாவில் போடலாம், வெளிநாடு அனுப்பலாம். நாயகியை எதுவும் செய்ய முடியாது. சேனல் கோபித்துக்கொண்டது. பாக்கிச் சம்பளம் மூன்று மாதம் நின்றது. ஒரு திங்கட்கிழமை எபிசோடில், அவர் மாடிப்படியில் திரும்புகிற ஷாட்டை நிறுத்தி, கீழே வழக்கமான வரியைப் போட்டோம்: 'இனி இவருக்குப் பதில் இவர்'. அடுத்த ஷாட்டில் வேறொரு பெண் அதே புடவையில் படி இறங்கி வந்தார். அந்தப் புடவை இவருடையது. அவசரத்துக்கு நாங்கள்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தோம். திருப்பிக் கொடுத்தோமா என்று இப்போது நினைவில்லை.

ஆறு மாதம் முகத்தை மறக்கடித்துவிட்டுக் காத்திருந்தார். படம் ஆரம்பிக்கும்போது அந்த வேடத்துக்கு வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். போன் பண்ணிச் சொல்லக்கூட யாரும் இல்லை. பூஜை புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு சினிமாவில் வந்ததெல்லாம் அண்ணி வேடம், போலீஸ்காரரின் மனைவி, இடைவேளைக்கு முன் சாகிற அக்கா. இப்போது மறுபடியும் சீரியல். வயது இருபத்தைந்து. ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அம்மா. போன வாரம் அந்தக் குழந்தையின் தாயார் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "சார், இவள சினிமாவுல விடணும்னு ஆசை. சீரியல்ல ரொம்ப நாள் வச்சா முகம் பழகிடுமாமே, எப்ப நிறுத்தணும்?" குழந்தைக்குப் பதினோரு வயது. உங்கள் ரிமார்க்ஸ் கட்டம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணைச் சீரியலை விட்டுவிட்டு வரச் சொன்னால், சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அட்வான்ஸ் கொடுங்கள். சினிமாத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1981-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தொலைக்காட்சித் தொடரையும் இணையத் தொடரையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதில் சம்பள வரம்பு, அது இது என்று இருக்கும். வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். சட்டம் சொல்லித்தான் ஒரு வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா என்ன! ஆறு மாதம் ஒருவரை வீட்டில் உட்கார வைத்தால் அந்த ஆறு மாதத்துக்கும் பொறுப்பு உங்களுடையது. எங்கள் சேனல்களுக்கும் இதைச் சொல்கிறேன். மாதத்தில் நாலு நாள் சினிமாவுக்கு விட்டுக்கொடுத்தால் டிஆர்பி இடிந்து விழுந்துவிடாது. அந்த நாலு நாளைக்கு நாத்தனாரை அழவைத்துக் காட்சியை ஓட்ட எங்களுக்குத் தெரியாதா?

அப்புறம், ஆடிஷன். சீரியல் பெண் வந்தால் உங்கள் ஆட்கள் அழுகைக் காட்சியைத்தான் கொடுக்கிறார்கள். அவர் மூன்று வருடம் பழகியபடி அழுகிறார். "பாத்தீங்களா, சீரியல் மாதிரியே இருக்கு" என்று எழுதி முடிக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற காட்சி கொடுங்கள். காதில் போனை வைத்துக்கொண்டு எதிர்முனை பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற காட்சி கொடுங்கள். முதல் டேக்கில் பழைய பழக்கம் வரும். "ஹோல்ட் பண்ணாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டாவது டேக்கைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் நடிப்பைத் தொகுத்துக் காட்டுகிற ஒரு ஷோரீல்கூட இவர்களால் செய்ய முடியாது. எந்தக் காட்சியை வெட்டினாலும் பின்னால் இடிச்சத்தம் இசை, முகத்தில் மூன்று ஜூம். பல பேருக்குக் குரலும் வேறொருவருடையது. ஆயிரம் எபிசோடு நடித்தவரிடம் 'இது என் நடிப்பு' என்று காட்ட ஒரு நிமிடம்கூட இல்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மா வேடத்துக்கு லைட்டிங் நடந்துகொண்டிருந்த இடைவெளியில், பங்களாவின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் வைத்து என் போனில் அவரை எடுத்தேன். வசனம் கிடையாது, இசை கிடையாது. ஒரே ஷாட். காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கிறார். நடுவில் ஒரு போன் வருகிறது, எடுக்கவில்லை. மறுபடி மடிக்கிறார். மூன்று நிமிடம் பத்து விநாடி. ஓரிடத்தில் காக்கா கத்தும், அது நாங்கள் ஏற்பாடு செய்தது இல்லை.

உங்களில் யார் கேட்டாலும் அனுப்புகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், எந்த சேனல் என்றும் சொல்ல மாட்டேன். பார்த்து முடித்த பிறகு ரிமார்க்ஸ் கட்டத்தை நிரப்புங்கள்.

இப்படிக்கு,
ஹோல்ட் பண்ணச் சொன்ன இணை இயக்குநர்